மூன்றாம் பக்கத்து நிரபராதி

மன்னிப்புக் கேட்கிற மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கடைவீதியில் தோளில் இடித்துவிட்டு "மன்னிக்கணும்" என்றவரிடம், இடித்ததற்காக அல்லாமல் சொன்னதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். என் மனைவி இதை வயதுக் கோளாறு என்கிறாள். வைத்தியர் பித்தம் என்று சொல்லிச் சூரணம் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரு மனிதரைத் தெரியாது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்க வைப்பான் என்று நம்பி என் கட்டுரையைத் திறக்கிறவர்கள், இந்த ஒரு தடவை என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். மன்னிக்க வேண்டாம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "ஓ, அவரா!" என்று யாராவது தலையை ஆட்டி, விஷயத்தை அவரோடு முடித்துவிடுவார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஜில்லாக் கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. தமிழில் வருவதை இங்கிலீஷாக்கி ஜட்ஜ் துரையின் மேஜைக்கு அனுப்புவது வேலை. அவர் சிறையில் ரைட்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கைதிகளின் கணக்கு, கடிதம், மனு எல்லாம் அவர் கையெழுத்து. அச்சுக்கு ஒப்பான கையெழுத்து அது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால்கூட அவர் எழுத்து என்று சொல்லிவிடலாம் என்று கோர்ட்டில் வேடிக்கையாகச் சொல்வோம். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கறுப்புக் குடை, கக்கத்தில் காகிதக் கட்டு. சிறையிலிருந்து கோர்ட்டுக்கு வரும் மனுக்களைச் சேவகன் கையில் கொடுத்தனுப்பாமல் தாமே கொண்டு வருவார். மழையில் நனைந்துவிட்டால் கைதியின் நாள் வீணாகிவிடுமாம்.

ஊரில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மன்னிக்கணும்'. "மன்னிக்கணும் வாராரு பாரு" என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் மேல் நானும் அவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். எதிரே நெல் வண்டி. அவர் குடையின் நுனி வண்டிமாட்டின் கொம்பில் தட்டிவிட்டது. சட்டென்று நின்று, மாட்டைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றார்.

வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன ரைட்டரையா, அது சரின்னு சொல்லிச்சா?"

"இன்னும் சொல்லலை. கொஞ்சம் கோவமா இருக்கு போல" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அசட்டு மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ஹாஸ்யம் உண்டு. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். தகப்பனார் உபதேசியார். கையில் அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் வாசிப்பவர். என்னிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பியும் கொடுத்தவர். இந்த ஜில்லாவில் அப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு மன்னிக்கணும் என்பார். இரண்டே நாள் ஆகியிருக்கும்.

தம்முடைய கல்யாணத்தன்று பெண்வீட்டார் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்களாம். இவர் போய், சீக்கிரம் வந்துவிட்டதற்கு மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாராம். இதை அவரே சொன்னார். "அவரு மன்னிச்சாரா வே?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன்னாரு. பதினோரு வருசமாச்சு" என்றார்.

இப்படிப்பட்டவரை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது. என் கோபத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

இனிக் கொஞ்சம் சட்டம் சொல்லவேண்டும். கொட்டாவி விடாமல் கேளுங்கள். உங்களில் யாருக்கு எப்போது தேவைப்படும் என்று யார் கண்டது?

கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற கைதி முப்பது நாளுக்குள் ஜில்லா ஜட்ஜுக்கு அப்பீல் செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு வாசல். வக்கீல் வைத்துக்கொண்டால், அவர் மனுவைக் கோர்ட்டில் கொடுப்பார். அவர் வாய் திறந்து பேச இடம் கொடுக்காமல் ஜட்ஜ் அதைத் தள்ள முடியாது. வக்கீலுக்கு வழியில்லாதவன் சிறை அதிகாரியின் கையில் மனுவைக் கொடுக்கலாம். அது காகிதமாக வரும், காகிதமாக வாசிக்கப்படும், காகிதமாகத் திரும்பிப் போகும். ஆளைக் கூப்பிடாமலே, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே ஜட்ஜ் அதைத் தள்ளிவிடலாம். எந்த வாசலில் தட்டினாலும் ஒரு தடவைதான். ஒன்றில் இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றதும் மூடிக்கொள்ளும்.

நம்மவர் எழுதியதெல்லாம் இந்த இரண்டாம் வாசலுக்கு உரிய மனுக்கள். ஒவ்வொன்றும் மூன்று பக்கம். முதல் பக்கத்தில், மகா கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு ஏழைக் கைதி தெண்டனிட்டு, அறியாமையினால் தான் செய்த குற்றத்தைத் தகப்பனைப் போலப் பொறுத்தருளும்படி மன்றாடுவான். இரண்டாம் பக்கத்தில் அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் கஞ்சிக்கு அழுவார்கள். மூன்றாம் பக்கத்தில்தான் வழக்கு ஆரம்பிக்கும்.

ஒரு தடவை கேட்டேன்: "ஏன் வே, கொலை செஞ்சவனும் 'செய்த குற்றம்'ங்கான், ஒண்ணும் செய்யாதவனும் 'செய்த குற்றம்'ங்கான். இது என்ன கணக்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீரு கோயிலுக்குப் போறவரு, உமக்குத் தெரியாது. எங்க சபையில ஞாயித்துக்கிழமை முதல்ல என்ன செய்யுதோம்? எல்லாரும் முழங்கால் போட்டு, பாவம் செஞ்சோம்னு அறிக்கை பண்ணுதோம். நான் அந்த வாரத்துல ஒரு எறும்பைக்கூட மிதிச்சிருக்க மாட்டேன். ஆனாலும் அறிக்கை பண்ணணும். அப்புறந்தான் மழை வேணும், சோறு வேணும்னு கேக்கலாம். கர்த்தர்கிட்டயே அதான் முறைன்னா, ஜட்ஜ் துரைகிட்ட எடுத்த எடுப்புல நான் குத்தவாளி இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

இதைக் கேட்டு நான் என்ன செய்தேன்? காப்பிக் கடையில் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். ஒரு வாரம் ஓடிற்று அந்த வேடிக்கை. மொழிபெயர்ப்புக் குமாஸ்தா அதற்கு மேல் வேறு எதையாவது யோசித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பி.ஏ. படித்தவன்.

சுடலைமுத்துவின் மனு வந்தது அதற்கு அடுத்த தை மாதம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில் யாரோ பட்டப்பகலில் மடையை உடைத்துவிட்டார்கள். கீழே ஒரு பண்ணையாரின் பயிர் காய்ந்துபோயிற்று. உடைக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும்: மேலே இருந்த இன்னொரு பண்ணையார். அவரைப் பிடிக்க முடியாது. அவரிடம் கூலிக்கு வேலை செய்கிற சுடலைமுத்துவைப் பிடிக்க முடியும். பிடித்தார்கள். அன்று காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை சுடலைமுத்து ஆழ்வார்திருநகரியில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தான். கூட வெட்டியவர்கள் ஒரு கும்பல். அவர்கள் சாட்சி சொல்ல வந்து சேர்ந்தபோது தீர்ப்பு அவர்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இரண்டு வருஷம் கடுங்காவல்.

சிறைக்கு வந்த மூன்றாம் நாளே நம்மவர் அவனுக்கு மனு எழுதிவிட்டார். முப்பது நாள் இருக்கிறதே என்று சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். அவர் கையில் ஒரு கைதிக்குக்கூட நாள் தாண்டியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

மனு என் மேஜைக்கு வந்தது. வழக்கமான முதல் பக்கம். வழக்கமான இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஆழ்வார்திருநகரி, வாழைத்தோட்டம், கூட வெட்டியவர்களின் பெயர்கள், எல்லாம் வரிசையாக, அந்த அழகான கையெழுத்தில். வாசித்தபோது, இவன் செய்யவில்லை என்று எனக்கே தெரிந்தது. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து, 'நான் செய்த குற்றம்' என்பதை இங்கிலீஷில் போட்டேன். அங்கே பேனா ஒரு நிமிஷம் நின்றது. அடியில், இது இந்தப் பக்கத்து மரியாதை வாசகம், ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதலாமா என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்கு முன் வேறொரு காகிதத்தில் ஏதோ விளக்கம் எழுதப்போய், 'மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தால் போதும்' என்று துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். தவிர, பசி வேளை. உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கும் சவால் விடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு. இரண்டே வரி. 'மனுதாரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். தலையிடக் காரணம் இல்லை. தள்ளுபடி.'

துரை மூன்றாம் பக்கம் வரை போனாரா என்று எனக்குத் தெரியாது. முதல் பக்கத்திலேயே ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தப் புத்திசாலி மேலே படிப்பான்? ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தத் துரையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நம்மவர் தமிழில் சொன்ன அதே பாவ அறிக்கையை அவர் இங்கிலீஷில், அதே முழங்காலில் நின்று, வாரம் தவறாமல் சொன்னவர். திங்கட்கிழமை காலையில் யாரும் அவரைப் பிடித்து உள்ளே போடவில்லை. அவர் சொன்னால் அது பக்தி. சுடலைமுத்து சொன்னால் வாக்குமூலம்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நம்மவர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இவன் எப்ப வே ஒப்புக்கிட்டான்?"

என் மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தை எடுத்து நீட்டினேன். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். இங்கிலீஷில் அந்த வாக்கியம் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறவனைப் போல மொட்டையாக நின்றது.

"எழுதி முடிச்சு அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன் வே" என்றார் பைய. "'ஐயா, நான் செய்யலைன்னுல்லா சொன்னேன், செய்த குத்தம்னு எழுதியிருக்கியளே'ன்னான். 'அது மரியாதைக்கு எழுதுறதுப்பா, நீ சும்மா இரு'ன்னேன். 'மரியாதைன்னா சரி'ன்னுட்டுப் பெருவிரலை நீட்டினான்."

காகிதத்தை மடித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா?

"உமக்கு வீண் சிரமம் குடுத்துட்டேன் வே. மன்னிக்கணும்" என்றார்.

என்னிடம்! பேனாவை நிறுத்தி, தெரிந்தே, பசிக்காக மேலே எழுதிப்போன என்னிடம். நான் என்ன சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். "அதனால என்ன வே, பரவாயில்லை" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

அதோடு போயிருந்தால், மற்ற காகிதங்களைப் போல இதுவும் என் மேஜையைக் கடந்து போயிருக்கும். ஆனால் சுடலைமுத்துவுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள். பேச்சி என்று பெயர். அவள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நடந்தே வந்து, இரண்டு வாரம் கோர்ட்டு வாசலில் போகிற வருகிற கறுப்புக் கோட்டுக்காரர்களையெல்லாம் மறித்து, கடைசியில் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டாள். அவரும் கூலி கேட்காமல் ஒப்புக்கொண்டு, தீர்ப்பின் நகல் வாங்கி, வாழைத்தோட்டத்துச் சாட்சிகளையெல்லாம் விசாரித்து எழுதி, இருபத்திரண்டாம் நாள் அப்பீலோடு வந்து நின்றார். உள்ளே இருக்கிறவனுக்கும் வெளியே இருக்கிறவளுக்கும் நடுவே சேதி போக வழியில்லை. அவன் மனு போட்டது அவளுக்குத் தெரியாது. அவள் வக்கீல் பிடித்தது அவனுக்குத் தெரியாது.

தலைமைக் குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பீலைத் திருப்பி நீட்டினார்.

"முப்பது நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கே ஐயா!" என்றார் வக்கீல்.

"நாள் இருக்கு. அப்பீல்தான் இல்லை. ஜெயில்லேருந்து ஒண்ணு வந்து தள்ளியாச்சு."

"ஒரு வார்த்தைகூடக் கேக்காம தள்ளினது அது! என்னை நிக்கவச்சு ஒரு கால் மணி நேரம் கேட்டாப் போதும், ஆள் வெளியில வந்துருவான்!"

"அதான் சொல்லுதேன். முன்னாலயே வந்திருந்தீர்னா கேட்டிருப்பாங்க."

வக்கீல் வெளியே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பேச்சியிடம் சொன்னார். அவர் எப்படிச் சொன்னாரோ, அவள் முதலில் அழவில்லை. யார் அந்த மனுவை எழுதினது என்று கேட்டாள். கேட்ட நேரத்துக்கு, குடையும் கட்டுமாக நம்மவர் சிறையிலிருந்து வந்து கொண்டிருந்தார். யாரோ கையைக் காட்டினார்கள். அவரிடமும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நேரே அவளிடம் போனார்.

"மன்னிக்கணும்மா..."

"அந்த வார்த்தையை எங்கிட்டச் சொல்லாதீரும்!"

கோர்ட்டு வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேச்சி எழுந்து நின்றுவிட்டாள். சின்ன உருவம், குரல் மட்டும் வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல்.

"அதை அவன் வாயில திணிச்சுத்தானே உள்ள வச்சிருக்கிய! பொறந்ததுலேருந்து ஒருத்தன்கிட்ட அதைக் கேட்டவனா அவன்? தாலி கட்டின எங்கிட்டயே கேட்டதில்லைய்யா! கேக்க வேண்டியது எம்புட்டோ இருந்துச்சு, குடிச்சிட்டு வந்து கஞ்சிப்பானையை ஒடைச்சான், அதுக்குக்கூடக் கேக்கலை. அவன் போயி முகந் தெரியாத வெள்ளைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டானாம்! எவன் நம்புவான்? நீரு கேட்டீரு. உம்ம மன்னிப்பு. உம்ம மன்னிப்புக்கு எம் புருசன் கல்லு ஒடைக்கான்!"

நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றேன். தூண் மெலிசு. அப்போதே நான் கொஞ்சம் பருமன். அவள் மட்டும் எந்த வழியாகவோ என் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்தேன். அவளுக்கு ரைட்டரைத்தான் தெரிந்தது. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அது ஒரு வசதி.

நம்மவர் வாய் திறந்தபடி நின்றார். அந்த வாயில் வேறு வார்த்தை தயாராக இல்லை. குடை கையிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

வக்கீல் விடாமல் மேலேயும் எழுதிப் பார்த்தார். மேலேயிருந்து, கைதியே ஒப்புக்கொண்டிருப்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. என் மொழிபெயர்ப்பு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம்மவர் ஒரு தகரப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷம் எழுதிய மனுக்களின் நகல், எல்லாம் தேதிவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். பெட்டியை என் முன்னால் திறந்தார்.

"இதுல ஒண்ணாவது ஜெயிச்சிருக்கா வே? உமக்கு ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கைதிகளின் மனு தோற்பது மழைக்காலத்தில் ஆறு பெருகுவதைப் போல என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"இதுல எத்தனை பேருக்கு உண்மையான மூணாம் பக்கம் இருந்துச்சு?" என்றார்.

"எண்ணாதீரும் வே."

"எண்ணியாச்சு."

எத்தனை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். காப்பி கொண்டுவந்த என் மனைவி, வழக்கமாகச் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவர் இன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லாமல் போகிறார் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்கவில்லை. சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் முழங்கால் போடுவார், உதடு மட்டும் அசையாது என்று அவர் பக்கத்தில் உட்காருகிறவர் சொன்னார். மனுக்களை அப்புறமும் அவர்தான் எழுதினார். ஒரே பக்கம். வழக்கு மட்டும். அதில் இரண்டு, துரை ஆளை அழைத்து விசாரிக்கும் அளவுக்குப் போயின. ஒருவன் விடுதலையும் ஆனான். அந்தச் செய்தியை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்பம் இது இம்புட்டுத்தானா வே? அந்த மொத ரெண்டு பக்கந்தானா?" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நல்ல செய்தி சொல்லப் போனதற்காக வெட்கப்பட்டேன்.

சுடலைமுத்து தண்டனை முழுவதும் இருந்துவிட்டு வெளியே வந்தான். வந்தவன் பெயர் போலீசின் கேடிப் பட்டியலில் ஏறியிருந்தது. வாரம் தவறாமல் ஸ்டேஷனில் போய் நிற்கவேண்டும். அனுமதி இல்லாமல் அடுத்த ஊருக்கு அறுவடைக்குப் போகக்கூடாது. கூலிக்காரன் அடுத்த ஊருக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பான்? பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும்படி கலெக்டருக்கு எழுதவேண்டும். அதற்கு அவன் யாரிடம் போனான் என்று நினைக்கிறீர்கள்?

நம்மவர் வீட்டுக்கு அவன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்கிட்டயா வார?"

"எழுதத் தெரிஞ்ச வேற யாரை எனக்குத் தெரியும்?" என்றான் சுடலைமுத்து. அவன் குரலில் வன்மம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்கதான் எழுதணும். இந்தத் தடவை மூணாம் பக்கத்தை முன்னால வச்சிருங்க, போதும்."

எழுதினார். சமூகம் இல்லை, தெண்டன் இல்லை. 'மடையை நான் உடைக்கவில்லை. அன்று நான் ஆழ்வார்திருநகரியில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் பெயர் கீழே இருக்கிறது. என்னை விசாரிக்காமல் என் அப்பீல் தள்ளப்பட்டது. என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும்.' இவ்வளவுதான். அவனுக்கு வாசித்துக் காட்டினார். சுடலைமுத்து பெருவிரலை அழுத்தின அழுத்தில் மேஜை ஆடிற்று.

மனு பத்தே நாளில் திரும்பி வந்தது. 'வாசகம் மரியாதைக் குறைவாக இருக்கிறது. தக்க வணக்கத்தோடு எழுதி வந்தால் யோசிக்கப்படும்.'

மரியாதையோடு எழுதினால் வாக்குமூலம். மரியாதை இல்லாமல் எழுதினால் திமிர். இதற்கு நடுவே எந்த வாசகத்தில் எழுதினால் ஒரு கூலிக்காரனின் காகிதத்தை மூன்றாம் பக்கம் வரை படிப்பார்கள் என்று இருபது வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். தமிழில் அந்த வாசகம் இல்லை. இங்கிலீஷிலும் இல்லை; இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கையெழுத்தை யாருக்குத்தான் தெரியாது? சர்க்கார் சம்பளம் வாங்கும் சிறை ரைட்டர், வெளியாளுக்காக, அதுவும் கேடிக்காக, கலெக்டருக்கே இப்படி எழுதலாமா என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. அவருடைய அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்று சொல்லியனுப்பினார்.

கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா வயிறு குலுங்கச் சிரித்தார். "அவருக்கா கஷ்டம்? ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேட்ட ஆளாச்சே! மாட்டுகிட்டக் கேட்டவருக்கு மனுசன்கிட்டக் கேக்க என்ன வே?"

அந்த ஒரு வரியை நானே தயார் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான். என் வாழ்க்கையில் நான் நல்ல எண்ணத்தோடு செய்த காரியங்களைத் தனியாக ஒரு பட்டியல் போட்டால், கேடிப் பட்டியலைவிட நீளமாக இருக்கும். மூன்று குழந்தைகள் இருந்தன அவருக்கு. நாற்பதை நெருங்குகிற வயது. வேறு எங்கே போவார்? அருமையான இங்கிலீஷில், யாருக்கும் நோகாமல், வழவழவென்று ஒரு வாக்கியம். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். என் அறைக்கு வரச் சொல்லி, அதை அவர் கையில் கொடுத்தேன்.

நின்றுகொண்டே வாசித்தார்.

"நல்ல இங்கிலீஷ்" என்றார்.

"போடும் வே, கையெழுத்தை."

"இதுல நான் என்ன குத்தம் செஞ்சேன்னு போட்டிருக்கீரு?"

"அதெல்லாம் என்னத்துக்கு? சும்மா மரியாதைக்கு எழுதினது வே."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஒரு கைதியின் மனுவில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

காகிதத்தை இரண்டாக மடித்து என் மேஜைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தப் பழக்கத்தை விட்டுட்டேன் வே" என்றார்.

வேலை போயிற்று. குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் எங்கேயோ போய், ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கிக்கொண்டிருந்துவிட்டு அங்கேயே காலமானார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சுடலைமுத்துவின் பெயர் நான் அந்த ஆபீசை விட்டு வருகிற வரை பட்டியலில் இருந்தது. நான் மட்டும் எதையும் இழக்கவில்லை. இரண்டு தடவை சம்பள உயர்வுகூட வந்தது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்தது இன்னும் ஒன்று இருக்கிறது. என் அறையின் கதவு குறுகலானது. அவரை வழியனுப்ப நான் எழுந்து கதவருகே நின்றேன். வெளியே போகத் திரும்பியவர், பூட்ஸ் காலால் என் பாதத்தை நன்றாக மிதித்துவிட்டார். நான் துள்ளினேன். அவர் நின்றார். அந்த வார்த்தை வரப்போகிறது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். வந்திருந்தால், பரவாயில்லை வே என்று சொல்லிப் பழையபடி ஆகியிருக்கலாம்.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

"வலிச்சுது" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.